முதல் பாதி அக்காவுக்கு

காலை ஆறு இருபது. பண்ணையின் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது முதலில் கண்ணில் பட்டவை மூன்று பூட்டுகள். முதல் கொட்டகையின் முகப்பில் இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கும், இரண்டு கொட்டகைகளுக்கும் பொதுவான தண்ணீர்த் தொட்டியின் மூடியில் அவை தொங்கின. தொட்டியில் சாய்த்திருந்த ஏணியின் மேல்படியில் என் தம்பி லோகநாதன் உட்கார்ந்திருந்தான். காலில் செருப்பு இல்லை. மடியில் சீவாத இளநீர் ஒன்று. இடுப்பில் அருவாள். ஏணிக்குக் கீழே சீவிப்போட்ட இளநீர்க் கூடுகள் கிடந்தன. எண்ணினேன், பதினொன்று.

மூன்று நாட்களாக அவன் இளநீரைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கவில்லை. மரத்திலிருந்து அவனே இறக்கி, அவனே சீவிக் குடித்தான். இளநீருக்குள் யாரும் எதையும் கலக்க முடியாது என்பது அவன் கணக்கு.

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். இரண்டு கொட்டகைகள், பன்னிரண்டாயிரம் கோழிகள். மனைவி சுமதியும் அவனும்தான் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் சேலத்தில் ஒரு நாளிதழில் வேலை செய்கிறேன். முன்பு நிருபர், இப்போது செய்தி மேசை. எங்கள் இருவருக்கும் அம்மா அப்பா இல்லை. அவனுக்கு மூத்தவள் என்று இருப்பது நான் ஒருத்திதான்.

நான்கு மாதங்களுக்கு முன்பு இரண்டாவது கொட்டகையில் முட்டை குறைந்தது. "தண்ணியில எவனோ என்னத்தையோ கலக்கறான்" என்று லோகநாதன் சொன்னான். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் அப்படிச் சொல்வதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. தண்ணீர் கெட்டால் முட்டை குறையும். நானும் அதை ஒரு புகாராகவே எடுத்துக்கொண்டேன். இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, அறிக்கையை வாங்கி வந்தேன். குறை எதுவும் இல்லை. அவன் அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு, "பாட்டல மாத்தியிருப்பாங்க" என்றான்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இல்லை. பாட்டில் மாற வழி உண்டா என்றுதான் யோசித்தேன்.

பிறகு தொட்டிக்கு ஒரு பூட்டு வந்தது. அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் இரண்டு. அவன் படுக்கையைக் கொட்டகைக்கு மாற்றினான். தூக்கம் இரண்டு மணி நேரமாகக் குறைந்தது. கோழிகளின் தண்ணீரில் தொடங்கிய பயம் அவன் குடிக்கும் தண்ணீருக்கு வந்தது. வீட்டுக் குடத்துக்கு வந்தது. "பாத்துக்கிட்டேதான இருக்கற? ஆருன்னு உனக்குத் தெரியும்" என்று ஒருநாள் சுமதியிடம் சொன்னான். அன்று அவள் எனக்குப் போன் செய்து அழுதாள்.

தூக்கம் வரவில்லை என்ற காரணத்தைச் சொல்லிச் சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அவனை அழைத்துப் போனோம். அவர் மாத்திரை எழுதினார். வாயில் வைத்ததும் கரையும் வகை. அவன் அதை வாங்கி வந்து குப்பையில் போட்டான். சுமதி அதை எடுத்து ஒளித்துவைத்தாள்.

அதன் பிறகு நாங்கள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அதற்குப் பண்ணை வழக்கம் ஒன்றை விளக்க வேண்டும். பன்னிரண்டாயிரம் கோழிகளுக்கும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தடுப்பு மருந்து போட முடியாது. அதனால் சில மருந்துகளைத் தண்ணீரில் கொடுப்பார்கள். அதிகாலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர்க் குழாயை அடைத்துவிடுவார்கள். கோழிகளுக்குத் தாகம் ஏறும். அதற்குள் தொட்டியில் பால் பவுடரைக் கரைத்து, மருந்தையும் நீலச் சாயத்தையும் கலப்பார்கள். குழாயைத் திறந்ததும் எல்லாக் கோழிகளும் முண்டியடித்துக் குடிக்கும். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்து நாக்கைப் பார்ப்பார்கள். நீலமாக இருந்தால் மருந்து உள்ளே போயிருக்கிறது. இந்த வேலையில் லோகநாதன் கெட்டிக்காரன். சுமதிக்குக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான்.

சுமதி என்னை நங்கையா என்று கூப்பிடுவாள். எங்கள் பக்கம் கணவனின் அக்காளுக்கு அதுதான் முறைப்பெயர். "நங்கையா, கோழிக்குக் குடுக்கறாப்பல குடுத்துப் பாக்கட்டுங்களா?" என்று போனில் கேட்டாள்.

"எப்படி?"

"மோருலீங்க. கொட்டகையிலிருந்து வரப்ப மோட்டார் ஓடலைன்னு சொல்லிக் குடத்தக் காலியா வெச்சிருந்தா, தாகத்துல மோரக் குடிச்சுப்போடுவாருங்க."

"குடு" என்றேன்.

பதினொரு நாட்கள் அப்படி நடந்தது. அவன் ஐந்து மணி நேரம் தூங்க ஆரம்பித்தான். ஒரு பூட்டைக் கழற்றக்கூடச் செய்தான். எங்கள் வேலை பலிக்கிறது என்று சுமதியும் நானும் போனில் மெதுவாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டோம்.

பன்னிரண்டாம் நாள் அவன் மோரை வாய்க்குக் கொண்டுபோய் நிறுத்தினான். காலிக் குடத்தைப் பார்த்தான். மோட்டார் அறைக்குப் போய் சுவிட்சைப் போட்டான். மோட்டார் ஓடியது. திரும்பி வந்து, சுமதியின் கண் முன்னாலேயே எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, நீ பேப்பர்ல இருக்கறவ. பொய் எழுத மாட்ட. இந்த மோருல மருந்து இருக்குதா?"

"இல்ல" என்றேன்.

"அரிசிப் பானைக்குள்ள அட்டை கெடந்துச்சு. பன்னெண்டு பிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். கழற்றிய பூட்டு மறுபடி தொட்டிக்குப் போனது. இளநீர் அன்றைக்குத்தான் தொடங்கியது. உணவில் எதையோ கலக்கிறார்கள் என்று பயந்த மனிதனுக்கு, நாங்கள் உண்மையாகவே கலந்து காட்டியிருந்தோம்.

அந்தக் காலையில் ஏணிக்குக் கீழே போய் நின்றேன்.

"எறங்கி வா சாமி. உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"அங்கிருந்தே சொல்லு. காது நல்லாத்தான் இருக்குது."

"மோருல மாத்திரை கலந்தது நெசம். சுமதி எங்கிட்டக் கேட்டா. நான் சரின்னேன். போன்ல இல்லைன்னு சொன்னது பொய்."

அவன் என்னையே பார்த்தான். உதடு வெடித்திருந்தது. "அப்ப நான் சொன்னது நெசந்தான?"

"அது மட்டும் நெசம். தொட்டியில ஆரும் ஒண்ணும் கலக்கல."

"ஒண்ணுல கலந்தவங்க இன்னொண்ணுல கலக்க மாட்டாங்கன்னு எப்படி நம்பறது?"

ஏணியின் அடியை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தேன்.

சற்று நேரம் கழித்து இறங்கினான். கடைசிப் படியில் தடுமாறி ஏணியைப் பிடித்துக்கொண்டான். "கண்ணக் கட்டுது. ஆஸ்பத்திரிக்கு வாரேன். ஆனா அவங்க தண்ணி எனக்கு வேண்டாம். எளநி எடுத்துக்குவேன்."

"எடுத்துக்க."

"அருவாளும்."

"அதையும் எடுத்துக்க" என்றேன். கொட்டகைக் கதவோரம் நின்ற சுமதியை அவன் பார்க்காமல் காருக்கு நடந்தான்.

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் மனநல வார்டு தரைத்தளத்தில் இருந்தது. வாசலில் இரும்புக் கம்பிக் கதவு. பாதுகாவலருக்கு அறுபது வயது இருக்கும். சாக்கில் இருந்த இளநீரையும் அருவாளையும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஏனுங்க, உள்ள நெகவெட்டியே உடறதில்லீங்க. நீங்க அருவாளோட வந்து நிக்கறீங்க."

"எளநி சீவறதுக்குங்க" என்றான் லோகநாதன்.

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்றவர், கொஞ்சம் யோசித்தார். "நான் இங்கயே சீவறன். நீங்க கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருங்க. ஆச்சுங்களா?"

அந்த ஏற்பாட்டுக்கு லோகநாதன் ஒத்துக்கொண்டான். அடுத்த சில நாட்கள் காலை ஒன்று, மாலை ஒன்று என இளநீர் அப்படித்தான் சீவப்பட்டது. ஒருவர் வெளியே சீவ, மற்றவர் உள்ளே கம்பியைப் பிடித்தபடி அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சேர்க்கைப் படிவத்தில் இரண்டு வகை உண்டு. நோயாளி தானே சம்மதித்துச் சேர்வது ஒன்று. அவரால் முடிவெடுக்க இயலாத நிலையில் குடும்பத்தார் மனுக் கொடுத்து, மருத்துவர்கள் பார்த்துச் சேர்ப்பது இன்னொன்று. "நீங்களே கையெழுத்துப் போடறீங்களா?" என்று வார்டு மருத்துவர் அவனிடம் கேட்டார். ஐம்பது வயதுப் பெண்மணி. குரலை உயர்த்தாதவர். லோகநாதன் படிவத்தை நாற்பது நிமிடம் படித்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டான்.

பரிசோதனைகள் இரண்டு நாட்கள் நடந்தன. தைராய்டு, சர்க்கரை, ரத்தத்தில் உப்பின் அளவு, பி-12 சத்து, தலைக்கு ஸ்கேன். மனதுக்குத்தானே நோய், இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக இப்படி வந்தால், உடம்பில் வேறு நோய் இருந்து அது மூளையைத் தொந்தரவு செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். உப்பு மட்டும் குறைந்திருந்தது. சாப்பாடு இல்லாமல் இளநீரிலேயே இருந்ததால் அப்படி. மற்றதெல்லாம் சரி.

மூன்றாம் நாள் என்னைத் தனியாக அழைத்தார். "இதுக்குப் பேரு சைக்கோசிஸ். நடக்காத ஒண்ண நடக்குதுன்னு மனசு உறுதியா நம்பும். நீங்க எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் அந்த ஆதாரத்தையே சந்தேகப்படும். இதோட முழுப்பேர் என்னன்னு இன்னிக்கே சொல்ல மாட்டேன். ஆறு மாசம் பாக்கணும். மருந்துக்குக் கேக்கற நோய்தான்."

"நாங்க மோருல கலந்தோம்" என்றேன்.

"அவரே சொல்லிட்டார். எத்தனை வீட்டுல சாம்பார்ல, காப்பியில கலக்கறாங்க தெரியுமா? உங்களத் திட்ட மாட்டேன். ஆனா இனி ஒரு துளி கூடாது. அவர் கண்ணால அட்டையப் பாக்கணும், பேரப் படிக்கணும், அவரே பிச்சுப் போடணும். இன்னொண்ணு, யாரும் கலக்கலன்னு அவர்கிட்ட வாதாடாதீங்க. அவரோட பயம் நிஜமான பயம். அதுக்கு மட்டும் பக்கத்துல இருங்க."

பக்கத்தில் இருப்பது என்றால் நடைமுறையில் டீ குடிப்பது. வார்டில் காலை ஆறரை, பதினொன்று, மாலை நான்கு என மூன்று வேளை டீ வரும். லோகநாதன் டம்ளரை வாங்கி என்னிடம் நீட்டுவான். "நீ பாதி குடி." நான் குடித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பான். பத்து நிமிடம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு, ஆறிப்போன மிச்சத்தைக் குடிப்பான். இட்லியும் அப்படி, ரசஞ்சாதமும் அப்படி, குடிதண்ணீரும் அப்படி, பாதுகாவலர் சீவிய இளநீரும் அப்படி. என் பங்கு டீயையும் சேர்த்து ஒரு நாளைக்கு நாலரை டீ. எனக்கு நெஞ்செரிச்சல் வந்தது. அதைச் சொல்லவும் முடியாது. சொன்னால் டீயில் ஏதோ இருக்கிறது என்றாகிவிடும். அவனுக்குத் தெரியாமல் மாத்திரை போட்டுக்கொள்ள வராந்தாவுக்குக் கிளம்பினேன். பாதியில் நின்று, திரும்பி உள்ளே வந்து, அவனுக்கு அட்டையைக் காட்டினேன்.

"நெஞ்செரிச்சலா?"

"ஆமா. நாலரை டீ."

"சரி" என்றான். அவ்வளவுதான். டீ பாதி பாதியாகவே தொடர்ந்தது.

பக்கத்து அறையில் ஜமீலா அக்கா இருந்தார். சேலத்தில் கணவரோடு புடவைக் கடை வைத்திருக்கிறார். ஒரு மாதமாக வாய் திறந்து பேசாத மகளோடு வந்திருந்தார். வராந்தா பெஞ்சில் நாங்கள் சேர்ந்து உட்காருவோம்.

"சொந்தக்காரங்ககிட்ட நீங்க என்னன்னு சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"டைபாய்டுன்னு. ஆபீஸ்லயும் அதேதான்."

"டைபாய்டு பத்து நாளுக்குத்தாம்மா தாங்கும். நான் மஞ்சக்காமாலைன்னு சொல்லியிருக்கேன். ஒரு மாசம் வரைக்கும் இழுக்கலாம். பத்தியம்னு சொல்லி யாரையும் வரவிடாமயும் பண்ணலாம். நீங்களும் மாத்திக்கங்க."

இருவரும் சிரித்தோம். அவருக்குச் சிரிப்பு முடியும்போது கண் கலங்கியது. தலையை மூடியிருந்த தட்டத்தின் முனையால் துடைத்துக்கொண்டு மகளிடம் போனார்.

சாலையில் திரிந்தவர், கிணற்றில் விழுந்தவர், வீட்டைவிட்டுப் போனவர் என எத்தனையோ பேரைப் பற்றி 'சற்று மனநிலை பாதிக்கப்பட்டவர்' என்று ஒற்றைப் பத்தியில் நான் எழுதியிருக்கிறேன். அந்த மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள், யார் கையால் சாப்பிட்டார்கள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. மறுநாள் நாளிதழ் ஆசிரியருக்குப் போன் செய்து, டைபாய்டு இல்லை, இதுதான் என்று சொன்னேன். அவர், "எத்தனை நாள் வேணுமோ இருந்துட்டு வாங்க" என்றார்.

நான்காம் நாள் மாலை நான்கு மணிக்கு நான் பயந்துபோனேன். டீ டம்ளரை வாங்கத் திரும்பியவனின் கழுத்து இடப்பக்கம் திரும்பியபடியே நின்றுவிட்டது. தாடை இறுகியது. விழிகள் மேலே ஏறின. வாயோரம் எச்சில் வழிந்தது. நான் மணியை அழுத்தினேன். இனி இவன் எங்கள் யாரையும் நம்பமாட்டான் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன்.

அவன் கை சட்டைப்பைக்குப் போனது. உள்ளேயிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான். முதல் நாள் மருத்துவர் அவனுக்காகத் தமிழில் எழுதிக்கொடுத்தது. இந்த மாத்திரையால் என்னென்ன வரலாம் என்ற பட்டியல். தூக்கம், வாய் உலர்தல், கை நடுக்கம். நான்காவது வரி, 'சிலருக்குக் கழுத்து, தாடைத் தசைகள் திடீரென இறுகலாம். பயம் வேண்டாம், ஊசி போட்டால் சரியாகும்.'

"இது... தான?" என்றான், பல்லைக் கடித்தபடி.

"அதேதான்."

செவிலியர் வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். ஊசிமருந்துக் குப்பியின் பெயரை அவனுக்குக் காட்டிவிட்டு உடைத்தார். இருபத்தைந்து நிமிடத்தில் கழுத்து நேரானது. அவன் அந்தக் காகிதத்தை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். மருத்துவர் வந்து மாத்திரையின் அளவைக் குறைத்து, கூடவே இன்னொன்றைச் சேர்த்தார். சேர்த்ததையும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று இரவு மாத்திரை நேரத்தில் அட்டையைப் படித்து, பிய்த்து, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

"நாக்கத் தூக்கிக் காட்டுங்க சார்" என்றார் செவிலியர். சிலர் மாத்திரையை நாக்கின் அடியில் ஒளித்துவைத்துப் பிறகு துப்பிவிடுவார்கள். அதற்காக எல்லோரிடமும் கேட்பது வழக்கம்.

லோகநாதன் நாக்கைக் காட்டினான். பிறகு, "நாங்களும் இப்படித்தான் பாப்போம் சிஸ்டர்" என்றான்.

"யாருக்கு?"

"கோழிக்கு. நாக்கு நீலமா இருந்தா மருந்து குடிச்சிருக்குதுன்னு அர்த்தம்."

"உங்களுக்குச் செவப்பாத்தான் சார் இருக்குது."

"அப்ப குழாய இன்னொருக்கா தொறந்து உடுங்க."

நான்கு மாதங்களில் அவன் சொன்ன முதல் வேடிக்கை அது. செவிலியர் சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் முகம் கழுவுவதுபோலக் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இளநீர் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். முதல் நாள் கொண்டுவந்த சாக்கு சீக்கிரமே தீர்ந்தது. அதன் பிறகு வந்தவற்றைச் சுமதி அனுப்பினாள். பண்ணையிலிருந்து சேலத்துக்கு வரும் முட்டை வண்டியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆறு இளநீர். கூடவே எனக்கு ஒரு டப்பாவில் பருப்புப்பொடி. அவள் வார்டுக்கு வரவில்லை. கோழிகளை விட்டு வர முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்றை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இளநீர் கடையில் வாங்குவது என்றே அவன் நினைத்திருப்பான் என்று எண்ணியிருந்தேன். அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

எட்டாம் நாள் காலை, கம்பிக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், "இது நம்ம மரத்துது" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"காம்பு நீளமா உட்டு வெட்டியிருக்குது. சுமதி வெட்டுனா அப்படித்தான் இருக்கும். மொதல்லயிருந்தே தெரியும்." பாதுகாவலர் நீட்டியதை வாங்கி, எப்போதும்போல் முதல் பாதியை எனக்குக் கொடுத்தான். "அவள வரச் சொல்லு."

மறுநாள் காலை பத்தரைக்குச் சுமதி வந்தாள். கையில் எதுவும் கொண்டுவரவில்லை. தின்பதற்கு ஒன்றும் எடுத்து வரக்கூடாது என்று அவளே முடிவு செய்திருந்தாள். கட்டிலுக்கு எதிரே இருந்த நாற்காலியைத் தள்ளிப்போட்டு நுனியில் உட்கார்ந்தாள்.

"முட்டை எப்படி?" என்றான்.

"ஏறியிருக்குதுங்க. ரெண்டாவது கொட்டாயிலயும்."

"தொட்டி?"

"பூட்டு அப்படியே இருக்குதுங்க. தண்ணி தானா ஏறிக்குது. மருந்து கலக்கத்தான் மூடியத் தொறக்கோணும். தடுப்பு மருந்து தள்ளிப் போயிட்டே இருக்குதுங்க."

சுமதி புடவை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, "நான் பண்ணுனது தப்புங்க" என்றாள்.

"மருந்து குடுத்தது கூடப் பரவால்ல சுமதி." அவன் குரல் சாதாரணமாக இருந்தது. "தாகத்துக்கு உட்டயே. அதுதான்."

அவள் தலைகுனிந்து அழுதாள். நான் எழுந்தேன். "நீ இரு" என்றான் என்னிடம். "நீயும் சேந்துதான பண்ணுன?" உட்கார்ந்தேன். அவள் கிளம்பும்போது, "வாசல்ல அருவாளோட என்ற சாவிக்கொத்தும் இருக்குது. அதுல சின்னச் சாவி ரெண்டு. வாங்கிக்க. மூணாவது என்றகிட்டயே இருக்கட்டும்" என்றான்.

அன்று மூன்று பூட்டுகளில் இரண்டு கழன்றன. மூன்றாவது சாவி, அவன் ஊர் திரும்பும்வரை பாதுகாவலரின் மேசை இழுப்பறையில் இருந்தது.

பதினாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பே ஜமீலா அக்காவின் மகள் "தண்ணி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தாள். ஜமீலா அக்கா அதை வார்டு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "டைபாய்டு சரியாயிருச்சா?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் இருக்குதுக்கா" என்றேன்.

மருத்துவர் அவனிடம் கேட்டார்: "இப்பவும் தொட்டியில யாராவது கலக்கறாங்கன்னு தோணுதா?"

"தோணுது" என்றான். "ஆனா முன்னயாட்டச் சத்தமா இல்லீங்க. தள்ளி நின்னு பேசறாப்பல இருக்குது."

"அது போதும் இப்போதைக்கு. மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க. நல்லாயிட்டோம்னு தோணுற அன்னிக்குத்தான் நிறைய பேர் நிறுத்தறாங்க." பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "யார் கையால சாப்பிடறதுன்னு அவர் முடிவு பண்ணட்டும். ஊட்டி உடாதீங்க" என்றார்.

வீட்டில் அவன் தனக்கென்று ஒரு குடம் வைத்துக்கொண்டான். அவனே நிரப்புவான், அவனே மூடுவான். சுமதி சமைத்ததை, அவள் சாப்பிட்டு முடித்த பிறகு அதே பாத்திரத்திலிருந்து அவனே எடுத்துப் போட்டுக்கொள்வான். அவள் கையால் ஊற்றிக் கொடுத்த எதையும் தொடவில்லை. இரவு எட்டு மணிக்கு மாத்திரை அட்டையை எடுத்து, பெயரைப் படித்து, போட்டுக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். டீயில் முதல் பாதி எனக்கு. பத்து நிமிடம் என்பது ஐந்தாகி, பிறகு இரண்டாகியது. பாதி மட்டும் மாறவில்லை. சுமதி ஒருநாள் அடுப்படியில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "நங்கையா, இது இப்படியே இருந்துருமுங்களா?" தெரியவில்லை என்று சொன்னேன்.

ஊர் திரும்பிய ஏழாவது ஞாயிற்றுக்கிழமை, தள்ளிப்போன தடுப்பு மருந்து போடும் நாள். நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஏழரை. தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. மூன்றாவது பூட்டு ஏணிப் படியில் சாவியோடு இருந்தது. லோகநாதன் தொட்டிக்குள் கோலை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான். கீழேயிருந்து சுமதி நீலச் சாயப் பாட்டிலை நீட்டினாள். அவன் குனிந்து வாங்கி ஊற்றினான்.

"எத்தனை மணிக்கு அடைச்ச?" என்று கேட்டான்.

"அஞ்சே முக்காலுக்குங்க."

"போதும். ரொம்பத் தாகத்துக்கு உடாத. தொறந்துரு."

அவள் குழாயைத் திறந்தாள். கொட்டகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கூண்டுகளில் சலசலப்பு ஓடியது. ஒன்பது மணிக்கு அவன் உள்ளே போய் ஏழெட்டுக் கோழிகளைப் பிடித்து அலகைத் திறந்து பார்த்தான். எனக்கும் ஒன்றைக் காட்டினான். நாக்கு நீலமாக இருந்தது.

ஒன்பது நாற்பதுக்குக் கொட்டகை நிழலில் மூவரும் உட்கார்ந்தோம். வெயில் ஏறியிருந்தது. சுமதி சொம்பிலிருந்து மூன்று டம்ளர்களில் மோர் ஊற்றினாள். எனக்கொன்றும் தனக்கொன்றும் எடுத்துவைத்துவிட்டு, மூன்றாவதை அவன் பக்கத்தில் தரையில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. கோழித்தீவனம் விலை ஏறியதைப் பற்றி என்னிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் அதைக் கேட்டபடியே, வழக்கம்போல் முதல் பாதிக்காக அவன் பக்கம் கை நீட்டினேன்.

டம்ளர் காலியாக இருந்தது.